கழிமுகத்தின் கணக்கு

கடலாராய்ச்சி என்றதும் பெரிய கப்பலும் ஆழ்கடலுமே நம் நினைவில் எழுகின்றன. ஆனால் நம் நாட்டில் இத்துறைக்கு அடிகோலியவர்களுள் பலர், கரையோரத்தில் முழங்காலளவு நீரில் நின்று தேடிய ஆசிரியரும் மாணாக்கருமே ஆவர்.

பாம்பனை அடுத்த குருசடைத் தீவு இதற்கு ஒரு சான்று. மீன்துறையின் ஆராய்ச்சி நிலையம் அமைந்த அத்தீவின் கரையில் வாழும் கடற்பஞ்சு, நட்சத்திர மீன், கடலட்டை முதலிய முதுகெலும்பற்ற பிராணிகளைப் பற்றி, சென்னை அரசாங்க மியூசியத்தின் தலைவர் கிரேவ்லியும் பிறரும் 1927-ல் ஒரு நூல் வெளியிட்டனர். அதன் பின்னர் பல தலைமுறை விலங்கியல் மாணாக்கர் அங்குச் சென்று, புத்தகப் படத்தில் பார்த்தவற்றை உயிரோடு கண்டு வியந்தனர்.

அவ்வளவு தொலைவு செல்ல இயலாதவர்க்கும் வழி உண்டு. தாம்பரத்து ஏரிகளின் உபரிநீரை ஏந்திச் செல்லும் அடையாறு, கடலோடு கலக்குமிடத்தில் உவர்நீராகிறது. மழை வெள்ளத்தில் அதன் உப்புக் குறையும், கோடையில் மிகும். இம்மாறுதலைத் தாங்கி வாழும் பிராணிகள் எவை? சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆர். கோபால ஐயரும், அவரிடம் ஆராய்ச்சி பயின்ற என். கேசவ பணிக்கரும் இவ்வினாவை ஆராய்ந்து, சென்னையின் உவர்நீர்ப் பிராணிகளைப் பற்றி 1937-ல் விரிவாக எழுதினர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிவந்த ஆண்டும் அதுவே. அவ்வாண்டிலேயே, சென்னையை அடுத்த உவர்நீரில் கிடைத்த புதியதொரு கடற்சாமந்தியைப் பணிக்கர் உலகுக்கு அறிவித்தார். அதற்கு அவர் இட்ட பெயர் போலோசெராக்டிஸ் கோபாலை. ஆசிரியரின் பெயர் இவ்வாறு மாணாக்கரால் விஞ்ஞானத்தில் நிலைபெற்றது. அப்பணிக்கரே 1966-ல் தோன்றிய தேசியக் கடலாராய்ச்சி நிறுவனத்தின் முதல் தலைவருமானார்.

இன்று நிலைமை வேறு. குருசடை 1986 முதல் மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. கடலட்டையைப் பிடிப்பது 2001 முதல் சட்டப்படி குற்றம். இவை வரவேற்கத்தக்கவையே. அடையாற்றிலோ நகரத்துச் சாக்கடை கலக்கிறது. அங்கு வாழும் சிற்றுயிர்களுக்காகப் பேசுவோர் அரியர்.

1937-ல் எழுதிய விவரம் நம் கையில் இருக்கிறது. அதிலுள்ளவற்றுள் எவை எஞ்சியுள்ளன என்று பார்க்கப் பிராணிகளைக் கொல்ல வேண்டியதில்லை. பூதக்கண்ணாடியும், குறிப்பேடும், வழிகாட்ட ஓர் ஆசிரியரும், நிரம்பப் பொறுமையும் இருந்தால் தொடங்கலாம். தாம்பரம் வட்டாரத்துப் பள்ளிகளும் கல்லூரிகளும் ஆண்டுதோறும் கோடையில் ஒரு முறையும், மழைக்குப்பின் ஒரு முறையும் இதைச் செய்யலாகாதா?

பாட்டன் எழுதி வைத்த கணக்கைப் பேரன் புரட்டிப் பாராவிட்டால், சொத்துப் போன வழியே தெரியாது. நம் கழிமுகத்துக்கும் அக்கதி நேராமல் காப்பது இளைஞர் கடமை.