ஆண்பிள்ளைக்கு எதற்குப் பின்னலூசி?

சிம்லாவில் குளிர்காலம் வந்துவிட்டால், நண்பகல் வெயிலில் பெண்கள் கூடியமர்ந்து கம்பளி பின்னுவது அன்றாடக் காட்சி. தமிழாசிரியராக இம்மலைக்கு மாற்றலாகி வந்த புதிதில், ‘சீதா, உல்டா’ என்று அவர்கள் முணுமுணுப்பதைக் கேட்டு, யார் அந்தச் சீதா என்று மயங்கினேன். நேர்க்கண்ணிக்கும் மறுகண்ணிக்கும் இந்தியில் வழங்கும் பெயர்கள் அவை.

சென்ற நவம்பரில் கைத்தொழில் வகுப்பில் மாணவர் அனைவருக்கும் தொப்பி பின்னக் கற்பித்தோம். மறுவாரமே ஒரு மாணவனின் தந்தை வந்து, “ஆண்பிள்ளைக்கு எதற்குப் பின்னலூசி?” என்று வினவினார். அன்றே அவன் ஊசியைக் கீழே வைத்துவிட்டான்.

அத்தந்தையின் கருத்து எனக்கு உடன்பாடன்று. பெரு நாட்டின் டிட்டிகாகா ஏரியிலுள்ள தக்கீலே தீவில், தொப்பி பின்னுவது ஆடவர் வேலை. சிறுவர் இளமையிலேயே அதனைக் கற்கின்றனர். அத்தீவின் துணிக்கலையை யுனெஸ்கோ 2005ஆம் ஆண்டில் சிறப்பித்தது. 1589இல் இங்கிலாந்தில் பின்னற்பொறியை அமைத்த வில்லியம் லீயும் ஆடவரே. அப்பொறியில் தொடங்கிய மரபில் வந்த இயந்திரங்களே இன்று திருப்பூரில் பனியன் துணியைப் பின்னுகின்றன. பனியனை உற்று நோக்குங்கள், மாணவர்களே! ஒரு கண்ணிக்குள் மறுகண்ணி நுழைந்திருப்பது தெரியும்.

வேலையும் எளிதே. நூலை ஊசிக்குப் பின்னே வைத்துப் பின்னினால் நேர்க்கண்ணி. முன்னே வைத்துப் பின்னினால் மறுகண்ணி. இவ்விரண்டையும் அறிந்தவர் தொப்பியும் பின்னலாம், கழுத்துத்துணியும் பின்னலாம். இதில் கணக்கும் உண்டு. முதலில் ஒரு சிறு துண்டைப் பின்னி அளந்து பார்த்தல் வேண்டும். 10 செ.மீ. அகலத்தில் 20 கண்ணிகள் அமைந்தால், 48 செ.மீ. சுற்றளவுத் தொப்பிக்கு 96 கண்ணிகள் தேவை. தலையின் அளவு 52 செ.மீ. ஆயினும் பின்னல் நெகிழ்ந்து கொடுக்கும். ஆதலால் இவ்வளவே போதும். விளிம்பில் இரண்டு நேர், இரண்டு மறு என மாற்றி மாற்றிப் பின்னினால் தொப்பி காதைக் கவ்வி நிற்கும். உச்சியை நெருங்கும்போது 96ஐ எட்டுக் கூறாக்கி, கூறுக்கு ஒரு கண்ணியாகக் குறைத்துக்கொண்டே செல்வர். எஞ்சிய சில கண்ணிகளில் நூலைக் கோத்து இழுத்து, பக்கவாட்டைத் தைத்துவிட்டால் தொப்பி முடிந்தது.

நடுவில் ஒரு கண்ணி நழுவினால் பல வரிசைகளைப் பிரிக்க நேரிடும். என் முதல் தொப்பியை நான் மூன்று முறை பிரித்தேன். மாணவர் முன்னிலையில்தான்! அவர்கள் சிரித்தனர், ஆனால் தம் பிழைகளை என்னிடம் மறைப்பதை அன்றோடு விட்டனர்.

அம்மாணவனின் ஊசி இன்றும் என் அலமாரியில் உள்ளது. 96 கண்ணிகளும் கழலவில்லை. விளிம்பு மூன்று விரற்கடை வளர்ந்திருக்கிறது. அவன் தந்தையை வரும் சனிக்கிழமை வகுப்புக்கு அழைத்திருக்கிறேன். வந்தால் அவர் கையிலும் ஓர் ஊசியைக் கொடுப்பதாக எண்ணம்.