பலப்பமும் திரையும்

நம்மவர் நாலு பேர் கூடுமிடத்தில் பழைய சிலேட்டுப் பலகையின் பெருமை பேசப்படாமல் இருப்பதில்லை. கோவை இலையும் அடுப்புக்கரியும் தேய்த்துப் பலகையைக் கறுப்பாக்கியதும், பலப்பத்தை ஒளித்துத் தின்றதும் சுவையான நினைவுகளே. ஆயினும் பலப்பம் எங்கிருந்து வந்தது என்பதையும் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ரத்லாமுக்கும் சித்தோர்கருக்கும் இடையில், மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர் நகரை அன்பர்கள் சிலர் ரயிலில் கடந்திருப்பர். சென்ற நூற்றாண்டில் அங்கே கல்லை அறுத்துப் பலப்பம் செய்த தொழிலாளர் பலர், அறுவையில் எழுந்த தூளை நாள்தோறும் சுவாசித்து, நுரையீரல் இறுகி, இளவயதிலேயே மாண்டனர். குழந்தையின் கைக்குச் சில காசுகளில் கிடைத்த குச்சிக்கு அவர்கள் கொடுத்த விலை அது. ஆகவே, பலப்பம் மறைந்ததே என்று புலம்ப எனக்கு மனம் வரவில்லை.

கருவி மாறுவதும் நமக்குப் புதிதன்று. எழுத்தாணியால் எழுதிய முன்னோர், புள்ளி ஓலையைத் துளைத்துவிடும் என்றஞ்சி மெய்யெழுத்தையும் புள்ளியின்றியே எழுதிச் சென்றனர். அச்சு வந்த பின்னரே புள்ளி நிலைபெற்றது. 1978ஆம் ஆண்டு தமிழக அரசு ணா, றா, னா முதலியவற்றின் வடிவை மாற்றிற்று. லை, ளை போன்றவற்றில் யானைத் துதிக்கைபோல் வளைந்து நின்ற கொம்பும் அத்துடன் போயிற்று. தமிழுக்கு ஒன்றும் நேர்ந்துவிடவில்லை.

என் கவலை வேறு. மணலில் விரலாயினும், ஓலையில் ஆணியாயினும், தாளில் தொட்டெழுதும் பேனாவாயினும், எழுத்தின் உருவைக் கையே வளைத்தது. இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்தால் தட்டுகின்றனர். அங்கே லகரமும் ளகரமும் ஒன்றாகிவிடுகின்றன; ந, ண, ன மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்து என்று கேட்டால் பிள்ளை விழிக்கின்றது. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் உள்ளன. அப்பேறு எல்லா ஊருக்கும் வாய்க்கவில்லை. பிற இடங்களில் பெரும்பாலும் வீடுதான் தமிழ்ப் பள்ளி.

இதற்குப் பலகை தேடி அலைய வேண்டா. ஒரு கோடிட்ட நோட்டும் பென்சிலும் போதும். பிள்ளைகள் தம் கைப்பட ஊரிலுள்ள பாட்டிக்கோ தாத்தாவுக்கோ பத்து வரி எழுதி, அதன் படியொன்றைச் சங்கத்துக்கு அனுப்பட்டும். எழுத்துக் கோணலாயினும் திருத்தாமல், கையெழுத்தாகவே இப்பக்கத்தில் வெளியிட ஆசிரியர் இசைந்துள்ளார்.