பாட்டைப் பாட்டாக மட்டும் பார்க்கச் சொன்ன என் மாணவனுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜேம்ஸ் பிரவுனின் பழைய காணொளி ஒன்றைப் பகிர்ந்திருந்தேன். 1964-ல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில், தொலைக்காட்சிக் கேமராக்களை வைத்துத் திரையரங்குகளுக்காக எடுத்த நிகழ்ச்சி அது. மனிதர் பாடிக்கொண்டே முழங்காலிட்டு விழுவார். ஒருவர் வந்து தோளில் ஒரு அங்கியைப் போர்த்தி மெதுவாக அழைத்துப் போவார். நாலு அடி போனதும் அங்கியை உதறிவிட்டு மைக்கைப் பிடிக்க ஓடி வருவார். மறுபடியும் விழுவார். அவருக்கு அடுத்து மேடை ஏறியவர்கள் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர். அவர்கள் நிலைமையை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

காணொளியோடு, "கறுப்பினப் பாடகர்களுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியின் கதவு எளிதில் திறக்கவில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு என் பழைய எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதினான்: "சூப்பர் டான்ஸ் டீச்சர். ஆனா இதுல எதுக்கு கறுப்பு வெள்ளைன்னு இழுக்குறீங்க? பாட்டைப் பாட்டா ரசிப்போமே." நம் உறவுக்காரப் பிள்ளைகள் பலர் அதற்கு லைக் போட்டிருந்தார்கள். "ரிட்டயர் ஆகியாச்சு, ஜாலியா இருங்க அத்தை" என்று ஒரு மருமகள்.

ஜாலியாகத்தான் இருக்கிறேன் அம்மா. முட்டிவலி வந்த பிறகு இரண்டு வருடமாக இந்தப் பழைய சோல், ரிதம் அண்ட் புளூஸ் காணொளிகள்தான் எனக்குத் துணை. ஆங்கிலச் சொற்கள் பாதி புரியாது. தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல் மேடைக்கு வந்து நிற்பது மட்டும் நன்றாகப் புரியும். ஆனால் "பாட்டை மட்டும் பார்" என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. காரணங்களைச் சொல்கிறேன்.

ஒன்று. அந்தக் கதவை யார் காவல் காத்தார்கள் என்று பாருங்கள். 1956-ல் நாட் கிங் கோல் அமெரிக்காவில் புகழின் உச்சியில் இருந்தவர். என்பிசி அவருக்கென்று ஒரு நிகழ்ச்சி கொடுத்தது. நாடு முழுவதற்குமான விளம்பரதாரர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. தென் மாநில வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொள்வார்களாம். நண்பர்களான பெரிய பாடகர்கள் குறைந்தபட்ச ஊதியத்துக்கு வந்து பாடிக் கொடுத்தும், சுமார் ஒரு வருடத்தில் நிகழ்ச்சி நின்றது. அவர் குரலில் குறை இருந்ததா?

1957-ல் ஃபிராங்கி லைமன் என்ற பையனுக்கு வயது 14. ஏபிசி தொலைக்காட்சியில் ஆலன் ஃபிரீட் நடத்திய நிகழ்ச்சியில் பாடினான். பாட்டு முடிந்து எல்லோரும் ஆடும்போது ஒரு வெள்ளைக்காரச் சிறுமியோடு ஆடினான். அவ்வளவுதான். தென் மாநில நிலையங்கள் கொதித்தன. சீக்கிரமே நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார்கள். அன்று அந்தப் பெரியவர்கள் பாட்டைப் பாட்டாகப் பார்த்தார்களா? அவர்கள் பார்க்காததை நீ என்னை மட்டும் ஏனப்பா பார்க்கச் சொல்கிறாய்?

இரண்டு. தேவைப்பட்டபோது இதே தொலைக்காட்சி இவர்களைக் கூப்பிட்டது. 1968 ஏப்ரல் 4-ல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். பல நகரங்களில் கலவரம். மறுநாள் பாஸ்டனில் ஜேம்ஸ் பிரவுன் கச்சேரி ஏற்கெனவே ஏற்பாடாகியிருந்தது. முதலில் ரத்து செய்யத்தான் யோசித்தார்கள். பிறகு உள்ளூர் பொதுத் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பினார்கள், மக்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கட்டும் என்று. நடுவில் இளைஞர்கள் மேடையில் ஏற, போலீஸ் பிடித்துத் தள்ளியது. பிரவுன் போலீஸை ஒதுங்கச் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளைகளிடம் தானே பேசி இறங்க வைத்தார். அன்றிரவு பாஸ்டன் பெருமளவு அமைதியாக இருந்தது. இதில் பாட்டைத் தனியாக எப்படிப் பிரிப்பாய்?

மூன்று. என் மனதை அறுப்பது இதுதான். சாம் குக்கின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1963-ல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஒரு விடுதியில் அவருக்கு அறை மறுத்தார்கள். தட்டிக் கேட்டதற்குக் கைது செய்தார்கள். அதன் பிறகு "எ சேஞ்ச் இஸ் கோனா கம்" என்ற பாட்டைப் பதிவு செய்தார். 1964 பிப்ரவரி 7 இரவு ஜானி கார்சனின் "டுநைட் ஷோ"வில் அதைப் பாடினார். அந்த ஒளிநாடா இன்று இல்லை. இரண்டே நாள் கழித்து எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் பாடினார்கள். அது பத்திரமாக இருக்கிறது, உங்கள் போனிலேயே பார்க்கலாம். சாம் குக் அதே டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நியாயமாகவே பேசுகிறேன். அந்தக் காலத்தில் ஒளிநாடா விலை அதிகம். பழைய பதிவை அழித்துவிட்டு அதிலேயே புதியதைப் பதிவார்கள். வெள்ளைக்காரப் பாடகர்களின் பதிவுகளும் நிறைய அழிந்தன, கார்சனின் நிகழ்ச்சிகளே அழிந்தன. ஆனால் வாரா வாரம் தொலைக்காட்சிக்கு வருகிறவருக்கு ஒரு நாடா போனால் இன்னொன்று இருக்கும். எப்போதாவது ஒரு முறை உள்ளே விடப்பட்டவருக்கு?

1969 கோடையில் நியூயார்க்கின் ஹார்லெமில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் இசை விழா நடந்தது. ஸ்டீவி வொண்டர், நீனா சிமோன், கிளாடிஸ் நைட் எல்லோரும் பாடினார்கள். ஹால் டல்சின் என்பவர் முறையாகப் படம் பிடித்தார். அப்போது சிறு பகுதிதான் தொலைக்காட்சியில் வந்தது. மீதிக்கு வாங்க ஆள் இல்லாமல் ஏறத்தாழ 50 ஆண்டு நிலவறையில் கிடந்தது. 2021-ல் "சம்மர் ஆஃப் சோல்" என்ற படமாக வெளிவந்து, மறு வருடம் ஆஸ்கர் வாங்கியது. அதே கோடையில் நடந்த வுட்ஸ்டாக் விழா மட்டும் மறு வருடமே படமாக வந்துவிட்டது.

வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு இது தெரியும்: வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளை, பத்து வருடம் கழித்துக் கேட்டால் பள்ளிக்கே வராத பிள்ளை.

மாணவனே, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ சொன்னதை உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். ஒரு ஆண்டு விழாவில் காலனியிலிருந்து வந்த ஒரு பிள்ளையைக் கடைசி வரிசையில் நிறுத்தினார்கள். கோரஸில் அவள் குரல்தான் மேல். "குரல் கேட்டால் போதும், எங்கே நின்றால் என்ன" என்று அவளிடம் சொன்னவள் நான். அந்த விழாப் புகைப்படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் அவள் முகம் தெரியவில்லை. இந்தக் காணொளிகளைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.

எல்லோருக்கும் வீட்டுப்பாடம்: இந்த வாரம் இப்படி ஒரு காணொளியையாவது ரீல்ஸ் துண்டாக இல்லாமல் முழுதாகப் பாருங்கள். பாடியவர் யார், எந்த ஆண்டு, எந்த நிகழ்ச்சி, யார் உள்ளே விட்டார்கள் என்று தேடிக் கீழே எழுதுங்கள். தப்பு இருந்தால் திருத்துவேன், மார்க் குறைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்