பிருகன்னளைக்கு ஒரு பாட வேளை

ஆரணி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா என்றால் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. பட்டுத் தறி ஓடும் வீட்டுப் பிள்ளைகளும் விடிய விடியப் பார்க்கிறார்கள். பாஞ்சாலி வேடம் கட்டியவர் ஆண் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் துகிலுரிதலில் அவர் கதறும்போது பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவோரும் உண்டு.

அதே பிள்ளைகளின் பிளஸ் டூ ஆங்கிலப் பாடநூலில் 2019-இல் ஷேக்ஸ்பியரின் ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்திலிருந்து ஒரு பகுதி வந்தது. அந்த நாடகத்தின் நாயகி ரோசலிண்ட் ஆணுடை தரித்துக் காட்டில் திரிபவள். அன்றைய லண்டன் மேடையில் அவளாக நடித்ததும் ஒரு பையன்தான். தேர்வுக்குரிய பகுதியில் இது இல்லாததால் வகுப்பறையில் இந்தப் பேச்சு எழ வழியே இல்லை.

பழைய நாடகங்களைக் குயர் கோட்பாட்டின் வழியே, அதாவது ஆண், பெண் என்ற வரையறைகளைக் கேள்வி கேட்டபடி, படிப்பது மேல்நாட்டுச் சரக்கு என்பவர்கள் விராட பருவத்தை எடுத்துப் பார்க்கட்டும். அர்ச்சுனன் பிருகன்னளையாகி உத்தரைக்கு நடனம் கற்பிக்கிறான். அரசன் அந்த உருவத்தை நம்பி மகளை ஒப்படைக்கிறான். அடையாளம் வெளிப்பட்டால் மறுபடியும் பன்னிரண்டு ஆண்டு வனவாசம். தான் யாரென்பதை மறைத்து, ஒவ்வொரு நாளும் பிடிபடாமல் கடக்கும் அந்த அஞ்ஞாதவாசத்தை வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு பிள்ளை நன்றாக அறியும். அந்தப் பிள்ளைக்காகவே இப்படிப் படிக்கும் பாடம் வகுப்பில் வேண்டும் என்கிறேன்.

‘பதினாறு வயதில் இதெல்லாம் எதற்கு?’ என்று பெற்றோர் கேட்பார்கள். அவர்களின் பதற்றம் புரிகிறது. ஆனால் ‘பொட்டை’ என்ற வசையைப் பிள்ளைகள் அதற்கு வெகுமுன்பே கற்றுவிடுகிறார்கள். மாற்றுப்பாலினக் குழந்தைகளைப் பள்ளியில் அரவணைக்க என்சிஇஆர்டி தயாரித்த கையேடு, எதிர்ப்பு எழுந்ததும் 2021-இல் இணையதளத்திலிருந்து அகற்றப்பட்டது. மாற்றுப்பாலினத்தவருக்குப் பாகுபாடற்ற கல்வி தரவேண்டும் என்ற 2019-ஆம் ஆண்டுச் சட்டமோ இன்னும் இருக்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேள்வி பாத்திரத்தைப் பற்றியதாக மட்டும் இருக்கட்டும். எந்த மாணவரையும் சுட்டிவிட வேண்டாம். பிருகன்னளையைப் பார்த்துச் சிரிப்பவர் யார், அந்தச் சிரிப்பு எதனால் வருகிறது என்று விவாதிக்கலாம். பெண் வேடம் கட்டும் மூத்த கலைஞர் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். செய்யாறு பக்கம் புரிசையிலேயே தலைமுறை தலைமுறையாகக் கூத்துக் கட்டுகிறார்கள்.