அவள் எந்தக் கையைத் தட்டினாள்?

"ரெண்டு கையும் தட்டினாத்தான் மகள் சத்தம் வரும். நீங்களும் கொஞ்சம் விட்டுக்கொடுங்க."

புத்தளம் மாவட்டத்தில் கற்பிட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வேலித் தகராறு விசாரிக்கக் கூடிய பெரியவர்கள், கணவனை இழந்த ஒரு தாயிடம் போன வாரம் இப்படிச் சொல்லி அனுப்பினார்கள். கேட்டதிலிருந்து எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. ஒரு பழமொழியை எடுத்து வீசிவிட்டால் விசாரிக்கிற வேலை முடிந்துவிடும் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

அவளுடைய கதை அந்த ஊருக்கே தெரியும். பக்கத்துக் காணிக்காரர் கிடுகு வேலியைப் பிரித்துக் கட்டும்போதெல்லாம் வேலி அவள் வளவுக்குள் நகர்ந்தது. பேசாமல் இருந்தாள். கிணற்றுக்குப் போகிற பாதையை அடைத்தார். சுற்றிப் போனாள். அவளுடைய மகன் மேல் பொலிஸில் பொய் முறைப்பாடு கொடுத்தார். அப்போதுதான் வாய் திறந்தாள். அந்த முதல் வார்த்தையைத்தான் இரண்டாவது கை என்று பெரியவர்கள் கணக்கில் எழுதிவிட்டார்கள். வேலி நகர்ந்தபோது அவள் எந்தக் கையைத் தட்டினாள்? பாதை அடைபட்டபோது எந்தக் கையைத் தட்டினாள்?

இதே மனிதர் சொந்தத் தம்பியோடு தென்னங்காணிக்காகச் சண்டை பிடித்தவர். கூட்டாகப் படகு வைத்திருந்தவரோடு சண்டை. பள்ளி நிர்வாகத்தோடு சண்டை. எதிராளி ஒவ்வொரு முறையும் மாறினார், இவர் மட்டும் மாறவில்லை. எல்லாச் சண்டையிலும் ஒரே முகம் இருப்பதைப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம், ஞாபகசக்தி போதும். நம் பெரியவர்களோ ஒவ்வொரு வழக்கையும் நேற்றுப் பிறந்த குழந்தை போலக் கையில் எடுக்கிறார்கள்.

அமெரிக்கச் சட்டத்தரணி பில் எடி, இப்படிப்பட்டவர்களை அடையாளம் காண நான்கு குறிகள் சொல்கிறார். எந்த நேரமும் இன்னொருவர்மேல் பழி போடுவது. எல்லாரையும் முழு நல்லவன், முழுக் கெட்டவன் என்று பிரிப்பது. உணர்ச்சியை அடக்க முடியாமல் கொட்டுவது. சாதாரண ஆள் எட்டிப் பார்க்காத எல்லைக்குப் போவது. "உன்னில் பிழை இருக்கிறது, யோசித்துப் பார்" என்று இவர்களுக்குப் புத்தி சொல்வது வீண் என்பதும் அவர் முடிவு. சுருக்கமாகப் பேசு, தகவலை மட்டும் சொல், தொனியில் பகை வேண்டாம், சொன்னதில் உறுதியாக நில் என்கிறார். வேலிக்காரர் விஷயத்தில் இதற்கு அர்த்தம் மிக எளிது. நில அளவையாளரைக் கூப்பிடு, காணி உறுதியில் உள்ளபடி எல்லைக்கல் போடு, எழுத்தில் வை. "கொஞ்சம் விட்டுக்கொடு" என்பது எல்லையை அவர் கையில் கொடுப்பது. விட்டுக்கொடுத்துத்தானே அவள் இந்த நிலைக்கு வந்தாள்!

இலங்கைச் சட்டத்துக்கே இது விளங்கியிருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம் இணக்கத்துக்காகவே வந்த சட்டம். அதுகூட யாரையும் கழுத்தைப் பிடித்து இணங்க வைக்கவில்லை. இணக்கம் வராவிட்டால் வரவில்லை என்று சான்றிதழ் கொடுத்து, நீதிமன்றத்துக்கு வழி விடுகிறது. சட்டம் திறந்து வைத்த அந்தக் கதவை ஊர்ப் பெரியவர்கள் ஒரு பழமொழியால் பூட்டுகிறார்கள்.

அடி வாங்கிய மனைவிக்கும் இதே பழமொழிதான். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அவள் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அதை அவளுக்குச் சொல்ல ஆளில்லை. "நீ என்ன பேசினாய்?" என்று கேட்க மட்டும் வரிசையாக ஆள் இருக்கிறது. கன்னத்தில் அறைய ஒரு கை போதும், சத்தமும் நன்றாகவே வரும்.

புத்தளம் மண்ணில் இந்தப் பேச்சு எப்படித்தான் எடுபடுகிறது? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விரட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னாரிலிருந்து பலர் படகேறி இதே கற்பிட்டிக் கரையில்தான் வந்து இறங்கினார்கள். அவர்கள் எந்தக் கையைத் தட்டினார்கள்? அந்த மக்களைக் கண்ணால் கண்ட, அவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய தலைமுறை இன்று ஒரு தாயைப் பார்த்து "உன் பக்கமும் பிழை இருக்கும்" என்கிறது.

சண்டைக்காரன் என்ற பட்டமும் இங்கே ஆள் மாறித்தான் விழுகிறது. 2017 ஏப்ரல் 14இல் கொழும்புப் பக்கத்து மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து உயிர்கள் போயின. அதன் பிறகு கொழும்பின் குப்பை எங்கள் புத்தளம் மாவட்டத்து அறுவைக்காட்டுக்கு, சுண்ணாம்புக்கல் தோண்டிய குழிகளைத் தேடி வரப் புறப்பட்டது. புத்தளம் மக்கள் மறித்து நின்றார்கள். உடனே அவர்கள் குழப்பக்காரர்கள் ஆனார்கள். குப்பையை அனுப்பியவர்களுக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. வேலியை நகர்த்துகிறவர் ஊரில் கெட்டிக்காரர், "நகர்த்தாதே" என்கிறவள் வாய்க்காரி. வாயை மூடிக்கொண்டு இழப்பதற்குத்தான் நாம் சமாதானம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நடுவில் நிற்பது நியாயம் என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒருவர் தள்ளிக்கொண்டே வரும்போது நடுவும் அவரோடு சேர்ந்து நகர்கிறது. நேற்றைய வேலிக்கும் இன்றைய வேலிக்கும் நடுவே பாதி பிரித்துக் கொடுத்தால் நாளைக்கு அவர் இன்னும் தள்ளித்தான் கட்டுவார். அவரை அப்படிப் பழக்கியது நீங்கள்தான்.

விசாரிக்க உட்காருகிறவர்கள் முதலில் தொடக்கத்தைக் கேட்கட்டும். இந்த மனிதர் இதற்கு முன் யாரோடெல்லாம் மோதினார் என்று கேட்கட்டும். உறுதியை வாங்கி வாசிக்கட்டும், காணியை அளந்து பார்க்கட்டும். பிழை ஒருவர் பக்கம் மட்டும் இருந்தால் அவர் முகத்தைப் பார்த்து, அவர் பெயரைச் சொல்லி, ஊர் கேட்கச் சொல்லட்டும். அந்தத் துணிவு இல்லாதவர்கள் தீர்ப்புச் சொல்லப் பாய் விரிக்காமல் இருப்பதே ஊருக்குச் செய்கிற உதவி.