ஃப்ரீசரில் வைப்பதா சிக்கனம்?

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டால் தரவு மீட்கும் லேபில் பணத்தைக் கொட்டாதீர்கள். ஃப்ரீசரில் வையுங்கள், தட்டிப் பாருங்கள், செக்டிஸ்க் ஓட்டுங்கள், அதற்கும் மசியாவிட்டால் அதே மாடலில் பழைய டிஸ்க் வாங்கி போர்டை மாற்றுங்கள் என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருக்கிறார். ஏழைகளின் பக்கம் நிற்பதாக அவருக்கு நினைப்பு. கேரள எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்ட் அருகே சின்னதாக ஸ்டுடியோ நடத்தும் ஒருவர் இதை நம்பிக் காரியத்தில் இறங்கினால், கல்யாண வீட்டாருக்குப் பதில் சொல்லப்போவது கட்டுரையாளர் அல்ல.

லேப் கட்டணம் சாமானியனுக்கு எட்டாது என்று அவர் சொன்னது சரி. அந்தக் கட்டுரையில் சரியாக இருப்பது அது ஒன்றுதான்.

டிஸ்க்கினுள் தகட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் ஹெட் பறக்கிறது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த டிஸ்க்கை நம் ஊர்க் காற்றில் வைத்தால் நீர் கோத்துக்கொள்ளும். அதோடு கரண்ட் கொடுத்தால் என்ன ஆகும்? தட்டுவதும் இப்படித்தான்: சிக்கிய ஹெட்டைத் தட்டி விடுவிப்பதாக நினைத்துத் தகட்டைக் கீறிவிடுவோம். கீறிய இடத்தில் இருந்த படத்தை எந்த லேபாலும் மீட்க முடியாது. செக்டிஸ்க் பழுதுபார்க்கும் வேகத்தில் டிஸ்க்கிலேயே எழுதும். சாகக் கிடப்பதில் எழுதலாமா? போர்டு மாற்றும் யோசனைக்கும் காலம் போய்விட்டது. இன்றைய டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டில் உள்ள ரோம் (ROM) சிப்பில் இருக்கின்றன. அந்தச் சிப்பையும் பெயர்த்து வைக்காமல் போர்டை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் பலிக்காது. மை பாஸ்போர்ட் வகையில் பலவற்றில் யூஎஸ்பி முனையே போர்டோடு சேர்ந்தது. பாஸ்வேர்டு போடாவிட்டாலும் தரவு பூட்டப்பட்டிருக்கும்.

கொலம்பியா விண்கலத்தை அவர் துணைக்கு அழைத்ததுதான் வேடிக்கை. 2003 பிப்ரவரி 1 அன்று வானில் சிதறிய கலத்திலிருந்து விழுந்த டிஸ்க்கிலேயே தரவு கிடைத்ததாம், நம் டிஸ்க்குக்கு என்ன வந்ததாம். கிடைத்தது உண்மை, ஏறக்குறைய 99 சதவீதம். அதில் பதிவாகியிருந்த ஆய்வின் முடிவுகள் 2008-இல் வெளிவந்தன. ஆனால் மீட்டது கிரால் ஆன்ட்ராக் என்ற லேப். கலம் உடைந்தபோது டிஸ்க் சுழலாததால் தகடுகள் கீறப்படவில்லை. அவற்றைத் துடைத்து வேறு டிஸ்க்கில் பொருத்தித்தான் படித்தார்கள். யாரும் ஃப்ரீசரில் வைக்கவில்லை; தட்டிப் பார்க்கவும் இல்லை. தன் வாதத்தைத் தானே வெட்டும் சாட்சியை அழைத்து வந்திருக்கிறார்.

காசில்லாமல் வழியே கிடையாதா? உண்டு, அதை ஏன் அவர் எழுதவில்லை? முதலில் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். தனி அடாப்டர் உள்ள பெரிய டிஸ்க்காக இருந்தால் அடாப்டரையும் மாற்றுங்கள். பல டிஸ்க்குகளில் கெடுவது பெட்டிதான். உள்ளே சாட்டா டிஸ்க்காக இருந்தால் வெளியே எடுத்து நேராகக் கணினியில் மாட்டலாம். சத்தமின்றிச் சுழன்று, படிக்கத் திணறினால், க்னூ டிடிரெஸ்க்யூ என்ற நிரல் கொண்டு வேறொரு டிஸ்க்குக்கு முழு நகல் எடுங்கள். அது நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைப் பிறகு பார்க்கும். எங்கே நின்றது என்று குறிப்பும் வைத்திருக்கும். பிறகு நகலின் மேல் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற மீட்பு நிரல்களை ஓட்டுங்கள். மூன்றும் இலவசம். செலவு காலி டிஸ்க்குக்கு மட்டும்.

டிடிரெஸ்க்யூ ஓடும் லினக்ஸை, அதெல்லாம் இன்ஜினியர்கள் சமாசாரம் என்று ஒரு வரியில் தள்ளிவிட்டார். கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் கைட் என்ற அரசு நிறுவனம் தருவது உபுண்டு லினக்ஸை ஒட்டிய இயங்குதளம்தான். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளும் அதில்தான் கணினி பழகுகிறார்கள். அவர்களிடம் கேட்டிருந்தாலே சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

கடக், கடக் என்று ஓசை வந்தால் மட்டும் இவை எதுவும் வேண்டாம். உடனே கழற்றி எடுத்து வையுங்கள். பணம் சேர்ந்த பிறகு, தரவு கிடைத்தால்தான் கட்டணம் என்று எழுதித் தரும் லேபாகப் பார்த்துக் கொடுங்கள். காத்திருப்பதற்குச் செலவு ஏதுமில்லை. ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள்: அந்தக் கட்டுரைக்குத் திருத்தம் வெளியிடுங்கள், யாராவது ஃப்ரீசரைத் திறப்பதற்குள்.