வாசலில் ரிக்கற் வைத்தால் ஊர் மிஞ்சுமா?

சுவிஸிலும் ஜெர்மனியிலும் இருக்கிற எங்கட சொந்தக்காரர் கோடை லீவுக்குக் காரிலேயே இத்தாலிக்குப் போய் வருவினம். மாசக்கணக்கில் கழிச்சு வீட்டுக்கு ஒரு கடிதம் வரும், தண்டப்பணம் கட்டச் சொல்லி. உடனே வட்ஸ்அப் குறூப்பில் ஒரே புலம்பல்: "இத்தாலிக்காரன் கொள்ளையடிக்கிறான்!"

முதலில் எங்கட ஆக்களுக்கே சொல்லுறம்: அது கொள்ளை இல்லை. புளோரன்ஸ், ரோம், பீசா போன்ற ஊர்களின் பழைய நகரப் பகுதிக்குள் அனுமதி இல்லாத வாகனம் போகக்கூடாது. சிவப்பு வட்டம் போட்ட பலகை நிற்கும், கமரா இலக்கத்தகட்டைப் படம் எடுக்கும். நாலு நாள் நுழைஞ்சால் நாலு தண்டம். வெளிநாட்டில் இருப்பவருக்குக் கடிதம் அனுப்ப 360 நாள் அவகாசமும் இருக்கு. ஆள் நடக்கவும் வண்டில் போகவும் போட்ட ஒழுங்கைகள் அவை. அங்க குடியிருக்கிற சனத்துக்கு மூச்சு விட வேணும். விதி சரி.

பிழை அதை அறிவிக்கிற விதத்தில் இருக்கு. சில ஊர்களில் "வார்க்கோ அத்தீவோ" எண்டு எழுத்து ஒளிரும். கமரா வேலை செய்யுது, நுழையாதே என்பது அர்த்தம். பாஷை தெரியாதவர் பாதை திறந்திருக்கு எண்டு நினைச்சு உள்ள போயிடுவார். தண்டக் கடிதத்தை மட்டும் பல மொழியில் அனுப்பத் தெரிஞ்ச நகரசபைக்குப் பலகையைப் பல மொழியில் எழுதத் தெரியாதா?

தங்குமிட வரியும் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஓராளுக்கு, ஓர் இரவுக்கு இவ்வளவு எண்டு ஹொட்டேலில் வாங்குவினம், நட்சத்திரம் கூடக்கூட வரியும் கூடும். அந்த ஊரின் தண்ணியைப் பாவிக்கிறம், குப்பையை அங்க விட்டிட்டு வாறம். கட்டத்தான் வேணும்.

ஆனால் வெனிஸ் செய்தது வேற கதை. 2024 ஏப்ரல் 25 முதல், ஒருநாள் பயணமாக வாறவரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம். அந்த வருசம் 29 நாட்கள். 2025இல் 54 நாட்கள், பிந்திப் பதிஞ்சால் 10 யூரோ. ஊரைக் காப்பாற்றத்தானாம். எத்தனை பேர் வரலாம் எண்டு ஒரு உச்ச எண்ணிக்கை இருக்கா? இல்லை. காசு கட்டினால் எவரும் வரலாம், எத்தனை ஆயிரம் பேரும் வரலாம். இதுக்குப் பேர் கட்டுப்பாடு இல்லை, வியாபாரம்.

உண்மையான கட்டுப்பாடு எப்படி இருக்கும் எண்டு அதே வெனிஸ் காட்டியிருக்கு. 2021 ஆகஸ்டில், 25,000 தொன்னுக்கு மேற்பட்ட உல்லாசக் கப்பல்கள் ஜூதெக்கா கால்வாயால் போகக்கூடாது எண்டு தடை வந்தது. கட்டணம் கட்டினால் போகலாம் எண்டு யாரும் சொல்லேல்லை.

1950களின் தொடக்கத்தில் வெனிஸ் தீவு நகரில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். இப்ப 50,000க்கும் குறைவு. அவர்களை வெளியேற்றியது மத்தியானம் வந்து பின்னேரம் போற பயணி மட்டும் இல்லை. வீட்டைக் குடும்பத்துக்கு வாடகைக்கு விடுறதைவிட நாள்வாடகைக்கு விட்டால் கூடக் காசு. வாடகை ஏறும், சனம் கிளம்பும், மரக்கறிக் கடை இருந்த இடத்தில் முகமூடிக் கடை வரும். வாசல் ரிக்கற் இதில் எதைத் தொடுது? அது தொடங்கின அன்றே ஊர்க்காரர் வீதிக்கு இறங்கி, தங்கட ஊர் காட்சிசாலை இல்லை எண்டு கத்தினது இதுக்காகத்தான்.

எங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. 1988 முதல் உலக மரபுரிமையாக இருக்கிற காலிக் கோட்டைக்குள் ஒருக்கா நடந்து பாருங்கோ. எத்தனை வீடு இன்னும் வீடாக இருக்கு, எத்தனை விடுதியாகவும் கபேயாகவும் மாறியிருக்கு எண்டு எண்ணிப் பாருங்கோ. நாளைக்கு அங்கயும் ஒருவர் "பாதுகாப்புக் கட்டணம்" எண்டு வந்தால், வாற காசு எந்தக் குடும்பத்தை அங்க தங்க வைக்கும் எண்டு முதலில் கேளுங்கோ.

இத்தாலிக்குப் போறவை காரை ஊருக்கு வெளியில் விடுங்கோ. ஊர் ரயிலின் கடதாசி ரிக்கற்றை ஏற முதல் மெஷினில் குத்துங்கோ. வரியைக் கட்டுங்கோ. வெனிஸின் 5 யூரோவையும் கட்டுங்கோ, தண்டம் அதைவிடக் கூட. ஆனால் வெனிஸைக் காப்பாற்றினம் எண்டு மட்டும் நினைச்சிடாதேங்கோ.